தாயைக் காப்பது குற்றமல்ல, பாவமுமல்ல
ஆபத்தான கர்ப்பமும் கருக்கலைப்புச் சட்டமும் – குடும்பங்களுக்கான ஒரு பாடம்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது எமது மூத்தோர் வாக்கு. பெரும்பாலான பேறுகள் நல்லபடியாகவே நடந்துவிடுகின்றன. ஆயினும் சில கர்ப்பங்கள் தாயின் உயிருக்கே உலை வைத்துவிடுவதுண்டு. அவ்வேளையில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது பற்றி நாட்டுச் சட்டமும் பேசுகிறது, திருச்சபையும் பேசுகிறது. ஆனால் எம் மக்களிடையே இவ்விரண்டையும் பற்றி அரைகுறைச் செய்திகளே உலவுகின்றன.

“வைத்தியசாலைக்குப் போனால் பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள்”, “சுவாமியார் அறிந்தால் ஏசுவார்”, “கடவுள் தந்ததைக் கடவுளே பார்த்துக்கொள்வார்” என்றெல்லாம் சொல்லிக் குருதி போகும் பெண்ணை வீட்டிலேயே படுக்க வைத்திருப்போர் உண்டு. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இந்தத் தயக்கம் இன்னும் கூடுதலாகும். தெரியாத ஊர், தெரியாத வைத்தியசாலை, கையில் கிளினிக் அட்டை இல்லை, கூட்டிச்செல்ல ஆளில்லை. இவ்வாறு தாமதிக்கும் சில மணித்தியாலங்களே ஒரு குடும்பம் தாயை இழக்கக் காரணமாகிவிடலாம். ஆகவே இம்முறை இவ்விடயத்தைச் சற்று விரிவாகக் கற்போம்.

1. இரண்டு சொற்களை முதலில் பிரித்தறிவோம்

கரு தானாகவே கலைந்து போவதைக் கருச்சிதைவு என்கிறோம். ஒருவர் வேண்டுமென்றே கருவைக் கலைப்பதைக் கருக்கலைப்பு என்கிறோம். ஊர்வழக்கில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால் பெரும் தீங்கு விளைகிறது. கருச்சிதைவுக்கு ஆளான பெண் குற்றவாளியல்ல. அவள் நோயாளி, அதற்கும் மேலாக, பிள்ளையை இழந்த தாய். அவளிடம் “என்ன தின்றாய், என்ன செய்தாய்” என்று துருவித் துருவிக் கேட்பது எமக்கு அழகல்ல.

2. கர்ப்பம் உயிராபத்தாக மாறும் நிலைகள்

அ) கரு கருப்பைக்கு வெளியே தங்குதல். சில வேளைகளில் கரு, கருப்பைக்குள் வந்து சேராமல், சூலகத்திலிருந்து கருப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயிலேயே தங்கி வளரும். அக்கரு பிழைத்துப் பிறப்பதற்கு வழியில்லை. அது வளர வளரக் குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே குருதி பெருகும். வெளியே சிறிதளவு குருதியே தெரியலாம். ஆனால் உள்ளே தாய் குருதியை இழந்துகொண்டிருப்பாள். மாதவிலக்குத் தவறிய பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியும் மயக்கமும் ஏற்பட்டால் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆ) பன்னீர்க்குடம் காலத்துக்கு முன் உடைதல். பிள்ளை வெளியுலகில் பிழைக்கும் பருவம் வருமுன்னர் பன்னீர்க்குடம் உடைந்தால், கருப்பைக்குள் நோய்க்கிருமிகள் புகக்கூடும். அங்கிருந்து அவை தாயின் குருதியிற் பரவினால், ஓரிரு நாட்களிலேயே உயிர் போகலாம். காய்ச்சல், நடுக்கம், துர்நாற்றமுள்ள வெளியேற்றம் ஆகியன இதன் அடையாளங்கள்.

இ) கர்ப்பகால உயர் குருதி அமுக்கம். இது பெரும்பாலும் 20 வாரங்களின் பின்னர் தோன்றும். முகமும் கைகளும் வீங்குதல், கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்பன ஏற்படும். கவனியாது விட்டால் வலிப்பு வரும். இதற்குரிய முடிவான சிகிச்சை பிள்ளையையும் நஞ்சுக்கொடியையும் வெளியே எடுப்பதே. நாள் நிறையும் வரை காத்திருக்க முடியுமா, இல்லையா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

ஈ) இதயநோய். சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இதயத்தின் வால்வைப் பழுதாக்கியிருக்கலாம். அது அப்பெண்ணுக்கே தெரியாதிருக்கலாம். கர்ப்ப காலத்தில் குருதியின் அளவு கூடுவதால் பழுதடைந்த இதயம் அந்தச் சுமையைத் தாங்க இயலாது போகிறது. படுத்தால் மூச்சு முட்டுதல், சிறு வேலைக்கே களைத்துப் போதல் என்பன எச்சரிக்கைகள். இலங்கையில் தாய்மாரின் மரணத்துக்குரிய முக்கிய காரணங்களுள் இதயநோயும் ஒன்று.

இவற்றையெல்லாம் அஞ்சி நடுங்குவதற்காகச் சொல்லவில்லை. 1940களின் தொடக்கத்தில் எமது நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அத்தொகை நாற்பதுக்கும் கீழே வந்துவிட்டது. கிராமந்தோறும் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களும், இலவச வைத்தியசாலைகளும், பெண் கல்வியும் சேர்ந்து இம்மாற்றத்தைக் கொண்டுவந்தன. வேளையோடு சென்றால் காப்பாற்றலாம் என்பதற்கு இதுவே சான்று.

3. எமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் கருக்கலைப்புப் பற்றிய சட்டம் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதப்பட்ட அதன் 303ஆம் பிரிவு சொல்வது இது: ஒரு பெண்ணின் கருவை வேண்டுமென்றே கலைப்பவருக்கு மூன்று ஆண்டுகள் வரை மறியல், அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கருவின் துடிப்பைத் தாய் உணரும் பருவம் வந்துவிட்டால் மறியல் ஏழு ஆண்டுகள் வரை செல்லலாம். தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் இப்பிரிவுக்குள் அடங்குவாள். பெண்ணின் சம்மதமின்றிக் கருவைக் கலைப்பவருக்கு 304ஆம் பிரிவின்படி இருபது ஆண்டுகள் வரை மறியல் உண்டு.

ஆனால் அதே 303ஆம் பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்துடன் நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது குற்றமாகாது. இந்த ஒரு வரியை ஒவ்வொரு குடும்பமும் மனதிற் பதித்துக்கொள்ள வேண்டும். உயிராபத்திலுள்ள தாய்க்கு வைத்தியசாலையில் சிகிச்சை அளிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. பொதுவாக ஒருவருக்கு மேற்பட்ட விசேட வைத்தியர்கள் கூடி ஆராய்ந்தே இத்தகைய முடிவை எடுக்கின்றனர்.

இச்சட்டம் எதைச் சொல்லவில்லை என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். தாயின் உயிருக்கன்றி உடல்நலத்துக்கு மட்டும் பாதிப்பு வரும் நிலை, வன்புணர்வால் உண்டான கர்ப்பம், பிறந்தும் பிழைக்க முடியாத குறைபாடுள்ள கரு ஆகிய எதற்கும் அதில் விலக்கு இல்லை. நாட்டில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் இவற்றைப் பற்றியதே.

4. அயர்லாந்து தரும் படிப்பினை

சட்டத்தில் விலக்கு இருந்தும், அது தெளிவாக இல்லாவிட்டால் என்ன நேரும்? கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அயர்லாந்து நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். அங்கு 1983இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம், தாய்க்கும் கருவிலுள்ள பிள்ளைக்கும் வாழ்வதற்குச் சம உரிமை உண்டு என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. தாயின் உயிருக்கு மெய்யான ஆபத்து இருந்தால் கர்ப்பத்தை முடிக்கலாம் என்று 1992இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அந்த ஆபத்தை எப்போது, யார், எப்படித் தீர்மானிப்பது என்று கூறும் சட்டம் இருபது ஆண்டுகளாக ஆக்கப்படவில்லை.

2012 ஒக்ரோபரில் சவிதா ஹலப்பனவர் என்ற 31 வயதுப் பெண், 17 வாரக் கர்ப்பிணியாகக் கால்வே நகர வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். இந்தியாவிலிருந்து சென்று அங்கு பல் வைத்தியராக இருந்தவர் அவர். கரு கலைந்துகொண்டிருந்தது, பிள்ளை பிழைக்காது என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது. பன்னீர்க்குடமும் உடைந்துவிட்டது. கர்ப்பத்தை முடித்துவிடும்படி அவர் கேட்டார். கருவின் இதயத்துடிப்பு இருக்கும் வரை அது இயலாது என்று மறுக்கப்பட்டது. இதற்குள் கிருமிகள் குருதியிற் பரவிவிட்டன. ஒக்ரோபர் 28இல் அவர் இறந்தார். பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை.

கிருமித் தொற்றை உரிய வேளையில் கண்டுபிடிக்கத் தவறியமை பெருங்குறை என்று பின்னர் நடந்த விசாரணைகள் கூறின. வைத்தியர்கள் சட்டத்துக்கு அஞ்சிக் காத்திருந்தமையும் அங்கு சுட்டிக்காட்டப்பட்டது. 2013இல் தாயின் உயிர் காப்பது பற்றிய சட்டம் ஆக்கப்பட்டது. 2018 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 66 பேர் 1983இன் திருத்தத்தை நீக்க வாக்களித்தனர். 2019இலிருந்து அங்கு 12 வாரம் வரை காரணம் கேளாமலே கருக்கலைப்பு அனுமதிக்கப்படுகிறது.

பின்னைய மாற்றத்தைத் திருச்சபை ஏற்கவில்லை. ஆனால் தெளிவின்மையும் தாமதமும் ஒரு தாயைக் கொல்லக்கூடும் என்ற பாடத்தை எவரும் மறுக்க முடியாது.

5. திருச்சபை என்ன போதிக்கிறது?

கருவான வேளை தொடக்கம் மனித உயிர் மதிக்கப்பட வேண்டும், கருவை நேரடியாகக் கொல்வது எக்காரணத்தாலும் ஆகாது என்பது திருச்சபையின் போதனை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் வெளியிட்ட ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் சுற்றுமடல் இதனை உறுதியாகக் கூறுகிறது. எனினும் “தாய் செத்தாலும் கருவைத் தொடக்கூடாது” என்று திருச்சபை போதிப்பதாகச் சிலர் எண்ணுவது தவறு.

1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதனை விளக்கினார். தாயின் நோயைத் தீர்க்க அவசரமான சத்திரசிகிச்சையோ மருந்தோ தேவைப்படுகிறது. அதன் விளைவாக, எவரும் விரும்பாமலே, தவிர்க்க முடியாதபடி கரு இறக்க நேர்கிறது. அதை நேரடிக் கொலை என்று சொல்ல முடியாது என்பதே அவரது விளக்கம். இதன்படி, புற்றுநோய் கண்ட கருப்பையை அகற்றலாம். கரு தங்கி வெடிக்கும் நிலையிலுள்ள குழாயை அகற்றலாம். கிருமி பரவிய கருப்பையிலிருந்து தாயைக் காக்கப் பேற்றைத் தூண்டுவதையும் இவ்வகையிலேயே சேர்ப்போர் பலர். நோயைத் தீர்ப்பதே நோக்கம்; கருவைக் கொல்வது நோக்கமல்ல.

ஆனால் எல்லா நிலைகளும் இவ்வளவு தெளிவானவையல்ல. 2009இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரிலிருந்த கத்தோலிக்க வைத்தியசாலையொன்றில், நான்கு பிள்ளைகளின் தாய் ஒருவர் 11 வாரக் கர்ப்பத்துடன் உயிருக்குப் போராடினார். நுரையீரலின் குருதிக்குழாய்களில் ஏற்பட்ட கடும் அமுக்கம் கர்ப்பத்தால் உச்சத்தை அடைந்திருந்தது. வைத்தியசாலையின் ஒழுக்கவியற் குழு கர்ப்பத்தை முடிக்க இணங்கியது. தாய் பிழைத்தார். அது நேரடிக் கருக்கலைப்பே என்று அம்மறைமாவட்ட ஆயர் தீர்ப்புக் கூறினார். இல்லையென்று வைத்தியசாலை வாதிட்டது. 2010 இறுதியில் அது கத்தோலிக்க வைத்தியசாலை என்ற தகுதியை இழந்தது. இறையியலாளர்களும் இரு பக்கமாகப் பிரிந்து வாதிட்டனர். கற்றறிந்தோரே கலங்கும் இத்தகைய நிலையில், அகப்பட்டுக்கொண்ட ஓர் ஏழைக் குடும்பத்தைத் தீர்ப்பிட நாம் யார்?

புனித ஜியன்னா பெரெத்தா மோலாவையும் இங்கு நினைவுகூர்வோம். இத்தாலிய வைத்தியரான இவருக்கு நான்காவது பிள்ளையைச் சுமந்திருந்தபோது கருப்பையில் கட்டி உண்டாயிற்று. பிள்ளையைக் காக்கும் விதமாகக் கட்டியை மட்டும் அகற்றச் சொன்னார். 1962இல் மகள் பிறந்து ஒரு வாரத்தில் இறந்தார். 2004இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் செய்தது தாமே மனமுவந்து தந்த கொடை. கொடையை எவரும் கட்டளையாக்க முடியாது. கணவனோ, மாமியாரோ, சபைப் பெரியவரோ ஒரு நோயாளித் தாயிடம் “நீ உயிரைக் கொடு” என்று கேட்பது அன்பாகாது.

6. சட்டத்தைத் திருத்துவது பற்றிய விவாதம்

1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. வன்புணர்வு, முறைதகாப் புணர்ச்சி, கருவின் கடும் குறைபாடு ஆகிய நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் பிரிவும் அதில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் அப்பிரிவு கைவிடப்பட்டது. வன்புணர்வுக்கான தண்டனையைக் கூட்டிய ஏனைய பிரிவுகள் அவ்வாண்டின் 22ஆம் இலக்கச் சட்டமாயின. மீண்டும் 2017இல், வன்புணர்வால் உண்டான கர்ப்பத்துக்கும் பிழைக்க முடியாத குறைபாடுள்ள கருவுக்கும் விலக்கு அளிக்கும் யோசனை அமைச்சரவை மட்டத்தில் ஏற்கப்பட்டது. கத்தோலிக்க ஆயர் பேரவை உள்ளிட்ட சமயத் தரப்பினர் எதிர்த்தனர். அம்முயற்சியும் நின்றுபோயிற்று.

திருத்தம் வேண்டுவோர் சொல்வது: மூளையும் மண்டையோடும் உருவாகாத பிள்ளையை ஒன்பது மாதம் சுமக்கும்படி ஒரு தாயைச் சட்டத்தால் கட்டாயப்படுத்துவது கொடுமை. வன்புணர்வுக்கு ஆளான சிறுமிக்கு இரண்டாவது தண்டனை வேண்டாம். வசதியுள்ளோர் வெளிநாடு சென்றுவிடுகின்றனர்; ஏழைகளே கள்ள வைத்தியரிடம் போய் உயிரை விடுகின்றனர்.

திருத்தம் வேண்டாம் என்போர் சொல்வது: தந்தையின் குற்றத்துக்குப் பிள்ளை பொறுப்பல்ல. குறைபாடுள்ள உயிரும் உயிரே. இன்று ஒரு வாசலைத் திறந்தால் நாளை எல்லா வாசல்களும் திறக்கப்படும். துன்பப்படும் பெண்ணுக்குத் தேவை ஆதரவே.

நாம் திருச்சபையின் பக்கம் நின்றே பேசுகிறோம். அவ்வாறு பேசும்போது எம்மீது ஒரு கடனும் விழுகிறது. “இப்பிள்ளையைச் சுமந்து பெறு” என்று ஒரு பெண்ணிடம் சொல்பவர், அவளையும் பிள்ளையையும் சேர்த்துச் சுமக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். போரிலும் முகாம் வாழ்விலும் கெடுக்கப்பட்ட பெண்களை எமது சமூகம் எப்படி நடத்தியது என்பதை மனச்சாட்சியோடு கேட்டுப் பார்ப்போம். சோறு, தங்குமிடம், இரகசியம் காத்தல், பழிச்சொல்லிலிருந்து பாதுகாப்பு – இவற்றைத் தராமல் போதனை மட்டும் தருவது விதை தராமல் வயலை உழச் சொல்வதாகும்.

7. எமது குடும்பங்கள் செய்ய வேண்டியவை

அ) மாதவிலக்குத் தவறியவுடன் அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். நிரந்தர முகவரி இல்லாமை பதியாமலிருக்க ஒரு காரணமல்ல. சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலையும், முந்திய பேறுகளில் நேர்ந்த சிக்கல்களையும் மறைக்காமற் சொல்லுங்கள்.

ஆ) கிளினிக் அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். இடம் மாறும்போது முதலில் எடுக்க வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று. புதிய இடத்தின் வைத்தியருக்கு அந்த அட்டையே தாயின் கதையைச் சொல்லும்.

இ) குருதி போதல், கடும் வயிற்றுவலி, மயக்கம், வலிப்பு, தலையிடியுடன் கண் மங்கல், காய்ச்சல், பன்னீர் வடிதல், மூச்சு முட்டுதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் – இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திராதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வெள்ளம் வருமுன் அணை கட்டுவது போல, இரவில் உதவக்கூடிய வாகனக்காரர் யார், வீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார், குருதி தரக்கூடியவர் யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஈ) இரகசியமாக விற்கப்படும் குளிசைகளையும், கம்பி, குச்சி, நாட்டுச் சரக்கு என்பவற்றையும் நாடாதீர்கள். ஏற்கனவே எதையாவது செய்துவிட்டுக் குருதியோ காய்ச்சலோ கண்டால், அச்சத்தால் ஒளிந்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நடந்ததை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். உண்மை தெரிந்தாற்றான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

உ) கர்ப்பத்தை முடிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்தியர் கூறினால், கேட்க வேண்டியவை மூன்று: தாயின் நோய் என்ன? காத்திருந்தால் என்ன ஆகும்? பிள்ளையையும் காக்க வேறு வழி உண்டா? தாய் நினைவோடு இருந்தால் அவளையே முதலில் கேட்க வேண்டும். பங்குத்தந்தையுடன் பேச விரும்பினால் பேசலாம். அதற்காக அவசர சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம்.

ஊ) இதயநோய் போன்ற நோயுள்ள பெண், அடுத்த கர்ப்பம் தரிக்கலாமா என்பதைக் கணவனோடு சேர்ந்து வைத்தியரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். இது கணவனின் பொறுப்பும் ஆகும்.

சுவர் இருந்தாற்றான் சித்திரம் வரையலாம். பிள்ளை வெளியே பிழைக்கும் பருவம் வருமுன்னர் தாய் இறந்தால் பிள்ளையும் இறக்கும். வீட்டிலுள்ள பிள்ளைகளும் தாயை இழப்பர். சட்டம் எப்படி அமைய வேண்டும் என்ற விவாதம் தொடரட்டும். அந்த விவாதம் முடியும் வரை, குருதி போகும் ஒரு தாயை எவரும் காக்க வைக்கக்கூடாது.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது குடியிருப்பில் இப்போது கர்ப்பிணியாக உள்ள தாய்மார் அனைவரும் கிளினிக்கில் பதிந்துள்ளனரா? பதியாதவர்களுக்குத் தடையாக இருப்பது எது?
2. நள்ளிரவில் ஒரு தாய்க்கு ஆபத்து நேர்ந்தால் எமது இடத்திலிருந்து வைத்தியசாலையை அடைய எவ்வளவு நேரமாகும்? அதனை எப்படிக் குறைக்கலாம்?
3. நோயைத் தீர்க்கும் சிகிச்சையால் கரு இறப்பதற்கும் கருவை நேரடியாகக் கொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொற்களில் விளக்குங்கள்.
4. வன்புணர்வால் கருவுற்ற ஒரு பெண் எமது சபையை நாடி வந்தால், அவளுக்கு நாம் உறுதியாகத் தரக்கூடியவை எவை?